டாங்கிளா, ப்ளூடூத்தா? புது லேப்டாப்புக்கு எந்த மவுஸ்

டாங்கிள் மவுஸ் என்றால் பெரிய வேலையே இல்லை. அடிப்பக்க மூடியைத் திறந்தால் பெரும்பாலும் பேட்டரிக்குப் பக்கத்திலேயே நகம் அளவில் ஒரு ரிசீவர் செருகியிருக்கும்; அதுதான் டாங்கிள். அதை எடுத்து யுஎஸ்பியில் சொருகினால் சில நொடிகளில் அம்புக்குறி நகர ஆரம்பித்துவிடும். விண்டோஸ் தொடங்கும் முன் வரும் பயாஸ் அமைப்புத் திரையில்கூட பொதுவாக வேலை செய்யும். ப்ளூடூத்துக்குப் பொதுவாக அங்கே இடமில்லை.

ஆனால் இப்போதைய மெல்லிய லேப்டாப் சிலவற்றில் டைப்-சி மட்டும்தான் இருக்கிறது. அகலமான ரிசீவருக்கு அடாப்டர் வாங்க வேண்டும். பக்கத்து யுஎஸ்பி 3.0 போர்ட்டில் ஹார்டு டிஸ்க் ஓடினால் அம்புக்குறி சில நேரம் திக்கித் திணறும். அந்தப் போர்ட்டிலிருந்து கிளம்பும் ரேடியோ இரைச்சலும் மவுஸின் சிக்னலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைப் பக்கம் மோதிக்கொள்வதுதான் காரணம். ரிசீவரை மறுபக்கம் மாற்றிச் சொருகினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ப்ளூடூத் மவுஸுக்குப் போர்ட்டே வேண்டாம். அடியில் உள்ள பட்டனை விளக்கு சிமிட்டும்வரை அழுத்திப் பிடியுங்கள். விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸில் ‘ப்ளூடூத் & டிவைசஸ்’ போய் ‘ஆட் டிவைஸ்’ கொடுங்கள். ஒரு தடவை இணைத்தால் போதும். லேப்டாப் தூங்கி எழுந்ததும் ஓரிரு நொடி தாமதிக்கும், அவ்வளவுதான்.

தினமும் பையில் தூக்கிக்கொண்டு அலைபவர்களுக்கு நான் ப்ளூடூத்தைத்தான் சொல்வேன். அந்தக் குட்டி ரிசீவரைத் தொலைத்துவிட்டுத் தேடுகிற பாடு வேண்டாம்.