விசைப்படகில் மரைன் டீசல் ஹோஸ்: சில தடைக்காலங்கள் கடந்த அனுபவம்

மண்டபத்தில் நிற்கும் எங்கள் விசைப்படகின் டீசல் லைன் முழுவதையும் ஒரு மீன்பிடித் தடைக்காலத்தில் கழற்றிவிட்டு, கடலுக்கென்றே தயாராகும் ரப்பர் ஹோஸ் போட்டோம். வாங்கிய புதிதில் எந்த ஹோஸும் நன்றாகத்தான் இருக்கும். உப்பிலும் இஞ்சின் சூட்டிலும் சில வருடம் கிடந்த பிறகு எப்படி இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஹோஸ் கொடுத்த காசுக்கு உழைத்திருக்கிறது. அதை இறுக்கிப் பிடிக்கும் கிளிப் உழைக்கவில்லை.

முன்பு டேங்கிலிருந்து செம்புக் குழாய் வரும். ஃபில்டருக்கும், டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சும் ஃபீட் பம்புக்கும் நடுவே கண்ணாடிபோலத் தெரியும் பிளாஸ்டிக் டியூப். டீசல் ஓடுவது கண்ணுக்குத் தெரிகிறதே என்று அந்த டியூபைப் பலருக்குப் பிடிக்கும். ஆனால் டீசலும் சூடும் பட்டு அது மஞ்சளாகி விறைத்துப்போகும். விறைத்த டியூபைக் கிளிப் எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது. செம்புக்கு வேறு தொல்லை: இஞ்சின் அதிர்வில் நாளடைவில் இறுகி, நட்டுக்குள் போகும் கழுத்தில் மயிரிழை விரிசல் விடும்.

வெளியே சொட்டும் கசிவைக் கண்டுபிடித்துவிடலாம். ஆளை அலைய வைப்பது காற்றை உள்ளே இழுக்கும் கசிவு. டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவே பம்பு உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. அந்த இடத்தில் விரிசல் இருந்தால், இஞ்சின் ஓடும்போது ஒரு சொட்டு டீசல்கூட வெளியே தெரியாமல் காற்று மட்டும் உள்ளே போகலாம். ஆர்பிஎம் (இஞ்சின் சுற்றும் வேகம்) ஏறி இறங்கும், மடி (வலை) இழுக்கும்போது இஞ்சின் திணறும், கடைசியில் நின்றுவிடும். ஏர் எடுத்தால், அதாவது லைனில் சிக்கிய காற்றை வெளியேற்றினால் ஓடும், கொஞ்ச நேரத்தில் மறுபடி நிற்கும். இதற்காக ஃபில்டரை மாற்றி, பம்பைக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்பிக் காசை விட்டவர்கள் உண்டு. கச்சான் (தென்மேற்குக்) காற்று அடிக்கும்போது தென்கடலில் (மன்னார் வளைகுடாவில்) தீவுகளை ஒட்டி இஞ்சின் நின்றால், படகைக் காற்று பவளப்பாறை மேல்தான் தள்ளும். அதனால் இந்தக் குழாயை நான் ரிப்பேர் கணக்கில் வைப்பதில்லை, உயிர்க் கணக்கில் வைக்கிறேன்.

ஹோஸ் வாங்கும்போது மேலே அச்சடித்திருப்பதைப் படியுங்கள். ஐஎஸ்ஓ 7840 என்று இருக்க வேண்டும், படகு எரிபொருள் ஹோஸுக்கான சர்வதேசத் தரம் அது. அந்தத் தரத்துக்கான சோதனையில் ஹோஸை நெருப்பில் காட்டுகிறார்கள். இரண்டரை நிமிடம் தாங்க வேண்டும். இஞ்சின் ரூமில் தீ கண்டால் டேங்க் வால்வை மூடக் கிடைக்கும் நேரம் அது. லாரிக் கடையில் கிடைக்கும் சாதாரண ஹோஸும் டீசலைத் தாங்கும், தீயைத் தாங்குமா என்பது வேறு விஷயம். உள்விட்டம் பழையதற்குச் சமமாக இருக்கட்டும். சிறிதாக எடுத்தால் முழு வேகத்தில் டீசல் போதாது.

விலை அதிகம்தான். மண்டபம் பக்கம் கிடைக்காமல் தூத்துக்குடியில் சொல்லி வரவழைத்தேன். "அண்ணே, ரிட்டர்ன் லைன்ல பிரஷரே இல்லையே, அதுக்கும் எதுக்கு இதே ஹோஸு?" என்று மெக்கானிக் தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் ரிட்டர்ன் லைன், அதாவது இஞ்சினில் எரியாமல் மிஞ்சிய டீசல் டேங்குக்குத் திரும்பும் குழாய், சூடான டீசலை இஞ்சின் தலைக்கு மேலேயே கொண்டுபோகிறது. டீசல் பெட்ரோல் மாதிரி சட்டென்று பற்றாது என்ற தைரியம் நம் ஆட்களுக்கு நிறைய. 210 டிகிரியை ஒட்டிய சூடு இருந்தால் டீசல் தானாகவே பற்றிக்கொள்ளும். தண்ணீர் சுற்றிக் குளிராத எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (இஞ்சின் புகை வெளியேறும் குழாய்), மடி இழுக்கும் நேரத்தில் அந்தச் சூட்டைச் சுலபமாகத் தாண்டும். அதன்மேல் சொட்டினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. ரிட்டர்னுக்கும் அதே ஹோஸ்தான் போட்டோம்.

வேலையை இஞ்சின் நன்றாக ஆறிய பிறகே தொடங்க வேண்டும். டேங்க் வால்வை மூடி, பேட்டரி இணைப்பைக் கழற்றி, மூடிகளைத் திறந்து காற்றோட்டம் விட வேண்டும். படகில் சமையல் அடுப்பு எரியக்கூடாது, பீடியும் கூடாது. கழற்றுமுன் எது சப்ளை, எது ரிட்டர்ன் என்று துணி கட்டி அடையாளம் வைத்தோம். வழியும் டீசலைத் தட்டில் பிடித்துக் கேனில் ஊற்றிக் கரைக்குக் கொண்டுவந்தோம். இஞ்சினுக்கு அடியில் தேங்கவிட்டால் தீக்கு விறகு. பம்பு வைத்துக் கடலில் இறைத்தால், நாம் பிழைக்கும் தண்ணீரையே நாம் கெடுப்பது. டீசல் லைனை இணைக்கும் போல்ட்டுகளுக்குப் புது செம்பு வாஷர் போடுங்கள். பழையதை நெருப்பில் காய்ச்சி மறுபடி போடும் வழக்கம் இருக்கிறது, வாஷர் விலைக்கு அந்தச் சிக்கனம் தேவையில்லை.

அப்புறம் ஏர் எடுப்பது. முதலில் ஃபில்டர், அடுத்து எஃப்.ஐ. பம்பு (இன்ஜெக்டருக்கு டீசலை அழுத்தி அனுப்புவது), தேவைப்பட்டால் மட்டும் இன்ஜெக்டர் (டீசலை இஞ்சினுக்குள் பீய்ச்சுவது) நட்டு. குமிழி நின்று டீசல் மட்டும் ஒரே தாரையாக வரும்வரை ஹேண்ட் பம்பை அடிக்க வேண்டும். இஞ்சின் ஓடும்போது இன்ஜெக்டர் குழாயைக் கையால் தடவிக் கசிவு தேடவே கூடாது. அங்கே அழுத்தம் 200 பார், அதற்கு மேலும் போகும். ஊசிமுனைக் கசிவு தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலிகூட இல்லாமல் இருக்கலாம், ஆனாலும் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காயம் அது. ஓர் அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள், போதும்.

இப்போதைய நிலை: மேனிஃபோல்டு பக்கம் போகும் துண்டைத் தவிர மற்ற ஹோஸ் எல்லாம் வளைத்துப் பார்த்தால் இன்னும் மெத்தென்றே இருக்கிறது. வெடிப்பு இல்லை, டீசல் வாடை இல்லை. இஞ்சின் ஏர் பிடித்து நிற்பது அடியோடு போய்விட்டது. மேனிஃபோல்டு பக்கத் துண்டு மட்டும் மேல்தோல் கொஞ்சம் கட்டியாகியிருக்கிறது. கிளிப்புகளில் பட்டை பளபளவென்றே இருக்கிறது, திருகுதான் துருப்பிடித்துக் கரைந்திருக்கிறது. பட்டை மட்டும் ஸ்டெயின்லெஸ், திருகு சாதா இரும்பு. கடையில் பார்க்கும்போது இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். திருகும் உப்பைத் தாங்கும் 316 ரக ஸ்டெயின்லெஸ்தானா என்று கேட்டு வாங்குங்கள்.

தடைக்காலம் தொடங்கும் ஏப்ரல் 15-ல் படகைக் கட்டியதும் கிளிப் அத்தனையையும் மாற்றப் போகிறேன். மேனிஃபோல்டு பக்கத் துண்டை வெட்டி, சூட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி வேறு வழியாகக் கொண்டுபோகும் வேலையும் இருக்கிறது. மீதி ஹோஸ் அப்படியே இருக்கட்டும்.