ஹுவாவி ஈ3372 டொங்கிள்: வன்னியில் யாருக்குப் பெறுமதி?

சிம் போட்டு லப்டொப்பின் யூஎஸ்பியில் செருகும் 4ஜி இணையக் குச்சி இது. கிளிநொச்சி, வவுனியா நகருக்குள் இருப்பவர்களுக்குத் தேவையில்லை. போனை யூஎஸ்பி கேபிளால் லப்டொப்பில் செருகி டெதரிங்கை (போனின் இணையத்தை லப்டொப்புக்குக் கொடுப்பது) ஒன் பண்ணினால் போதும், போனும் சேர்ந்து சார்ஜ் ஆகும். ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, துணுக்காய்ப் பக்கம் ரவர் எட்ட நிற்க, தகரக் கூரைக்குக் கீழே இருந்து வேலை செய்பவர்களுக்குத்தான் இது காசுக்குப் பெறுமதி. தகரம் சிக்னலை மறைக்கும். போனை நாள் முழுக்க வெளியே தொங்கவிட முடியாது, டொங்கிளை விடலாம்.

பழைய மொடல்தான், பாவித்ததை வாங்குவதென்றால் மூடியைக் கழற்றி ஸ்டிக்கரைப் பாருங்கள். ஈ3372எச் என்றால் ஹைலிங்க் வகை, லப்டொப்புக்கு லான் (கேபிளில் வரும் நெட்வேர்க்) இணைப்பு மாதிரித் தெரியும். ஈ3372எஸ் என்றால் மோடம் வகை, டயல் பண்ணும் மென்பொருள் வேண்டும். எச் வகையையே எடுங்கள். இங்கே 4ஜிக்கு முக்கியமான 1800 மெகாஹேர்ட்ஸ், அதாவது பாண்ட் 3, ஈ3372எச்-153 என்ற மொடலில் உண்டு. வெளிநாட்டு நிறுவனத்துக்கு லொக் பண்ணியதா என்று உங்கள் சிம்மைப் போட்டுக் கடையிலேயே பார்த்துவிடுங்கள். இது பெரிய சிம் எடுக்கும். நானோ சிம்முக்கு அடப்டர் தேவை. சிம் இல்லாமல் வெறும் அடப்டரைச் செருகி இழுத்தால் உள்ளே பின் வளைந்துவிடும்.

செருகியதும் முதலில் சீடி டிரைவ் போலத் தோன்றும், பிறகு தானே மாறும். பிரவுசரில் 192.168.8.1 அடித்து, உங்கள் சிம்முக்குரிய ஏபிஎன்னை (சிம் நிறுவனத்தின் இணைய வாசலின் பெயர்) புரொஃபைலில் பதியுங்கள். வெளிர்நீல வெளிச்சம் 4ஜி, கடும்நீலம் 3ஜி, பச்சை 2ஜி. நெட்வேர்க் மோடை ஓட்டோவில் விடாமல் 4ஜி மட்டும் என்று வையுங்கள்.

இனி வைக்கும் இடம். 3 மீற்றர் யூஎஸ்பி நீட்டிப்புக் கேபிளில் டொங்கிளைத் தாழ்வாரத்துக்கு வெளியே, ரவர் இருக்கும் பக்கம் கொண்டுபோங்கள். கேபிள் தடிப்பாக இருக்க வேண்டும். யூஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லிஅம்பியர்தான். மெல்லிய கேபிளில் வோல்டேஜ் விழும், டொங்கிள் அடிக்கடி விட்டுவிட்டு வரும். ஆட்கள் சிம்மைத்தான் திட்டுவார்கள். 5 மீற்றருக்கு மேல் சாதாரணக் கேபிளை நம்ப வேண்டாம். மழைக்குப் பொலித்தீனால் மூடினால் வாயைக் கீழ்ப்பக்கம் திறந்து விடுங்கள், இறுக்கிக் கட்டினால் சூடேறிவிடும்.

சிக்னல் கோடுகளைப் பார்க்காதீர்கள். அதே 192.168.8.1இல் டிவைஸ் தகவல் பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி (சிக்னலின் பலம்) −95 அளவில் வந்தால் நல்லது, −110ஐத் தாண்டிக் கீழே போனால் வெளி அன்டனாதான் வழி. எஸ்ஐஎன்ஆர் (இரைச்சலோடு பார்க்கையில் சிக்னலின் தெளிவு) 0க்குக் கீழே என்றால் மற்ற எண் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வேகம் வராது. ஒரு சாண் தள்ளி வைத்தாலே எண்கள் மாறும். நகர்த்தி நகர்த்திப் பாருங்கள். அன்டனாவுக்கு சிஆர்சி9 என்ற சிறிய இணைப்புத் துளைகள் இரண்டு உண்டு, இரண்டிலும் பூட்ட வேண்டும். துளைகள் மெலிந்தவை, கேபிளின் பாரத்தைக் கூரை வளையில் கட்டிவிடுங்கள்.

பக்கேஜைக் குடிப்பது விண்டோஸ். இதை லான் என்று நினைத்து அப்டேட்டை வஞ்சகமில்லாமல் இறக்கும். செட்டிங்ஸில் ஈதர்நெட்டுக்குள் போய், டேட்டாவைச் சிக்கனமாக எடுக்கவைக்கும் மீட்டர்ட் கனெக்‌ஷனை ஒன் பண்ணுங்கள். இரவு டேட்டா உள்ள பக்கேஜ் என்றால் அப்டேட்டை அந்த நேரத்துக்குத் தள்ளலாம். பின்னேரம் ரவரில் ஆட்கள் கூடி வேகம் விழுவதற்கு மட்டும் இந்த டொங்கிளிலும் மருந்தில்லை.