கடலூர்ப் பக்கம் பழைய பொலிரோ பிக்கப்: எஞ்சினை விடுங்கள், சேஸைப் பாருங்கள்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் விற்பனைக்கு வரும் பழைய பொலிரோ பிக்கப்பில் எஞ்சினுக்கு அவ்வளவு பயப்பட வேண்டாம். 2.5 லிட்டர் டீசல் எஞ்சினில் கைவைக்கத் தெரிந்த மெக்கானிக் எல்லா ஊரிலும் இருக்கிறார், சாமானும் கிடைக்கும். காசைத் தின்பது அடிப்பக்கம், அதாவது வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டமான சேஸ்தான். அதனால் வண்டி இதுவரை என்ன லோடு அடித்தது என்று முதலில் விசாரியுங்கள். பண்ருட்டிப் பலாப்பழம் ஏற்றிய வண்டியும், கடலூர் முதுநகர் துறைமுகத்திலோ புதுச்சேரி தேங்காய்த்திட்டிலோ மீன் ஏற்றிய வண்டியும் ஒரே வருஷ மாடலாக இருந்தாலும் ஒரே விலை பெறாது.

மீன் பெட்டியிலிருந்து வடிகிற ஐஸ் தண்ணீரில் உப்பு இருக்கும். அது பாடியின் இடுக்கு வழியே இறங்கி, பாடி சேஸின் மேல் உட்காருகிற இடத்தில் தங்கிவிடும். வெயில் படாததால் காயாது, துரு உள்ளிருந்தே அரிக்கும். பின் சக்கரத்துக்கு மேலே சேஸை, குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பரை, ஸ்பிரிங் தொங்குகிற பிராக்கெட்டைச் சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு ‘ணங்’ என்று பேசும். அரித்த இரும்பு ‘பொத்’தென்று அமுங்கும், செதில் உதிரும். அடியில் மட்டும் புதுசாகக் கருப்பு பெயின்ட் பளபளத்தால் சந்தேகம் வரவேண்டும். பிராக்கெட் பக்கத்தில் வெல்டிங் ஒட்டு தெரிந்தால் அந்த வண்டி வேண்டாம். எஞ்சினை இறக்கி வேலை பார்க்கலாம். உளுத்த சேஸுக்கு வைத்தியம் இல்லை.

அதே உப்பு பின்பக்கம் போகும் பிரேக் பைப்பையும் விடாது. கிளிப் பிடித்திருக்கும் இடத்தில்தான் முதலில் ஓட்டை விழும். எஞ்சின் ஓடும்போது பிரேக்கை அரை நிமிஷம் பலமாக அழுத்திப் பிடியுங்கள். பெடல் மெல்ல இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிவு, இல்லையென்றால் பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் போயிருக்கிறது.

ஸ்பிரிங்கில் அடுக்கியிருக்கும் பட்டைகளை எண்ணுங்கள். இடது வலது எண்ணிக்கை வேறாக இருந்தாலோ, நிறம் மாறிய பட்டை நடுவில் இருந்தாலோ ஓவர்லோடு அடித்த வண்டி. அப்படி ஓடியதில் கிளட்ச், புரொப்பல்லர் ஷாஃப்ட் மூட்டான கிராஸ், பின் ஆக்ஸிலின் பல்சக்கரமான கிரவுன் மூன்றும் சேர்ந்தே தேய்ந்திருக்கும். ஹேண்ட் பிரேக் போட்டு, மூன்றாவது கியரில் கிளட்சை மெதுவாக விடுங்கள். எஞ்சின் அணைந்தால் கிளட்ச் நலம், அணையாமல் ஓடினால் பிளேட் தேய்ந்துவிட்டது. வண்டி நகரும்போது ‘டக்’ என்றால் கிராஸ். ஆக்ஸிலேட்டரைக் கொடுத்து விடும்போது ஊளைச் சத்தம் மாறினால் கிரவுன். அது பெரிய செலவு.

எஞ்சினுக்குச் சோதனை ஒன்றே முக்கியம், ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பது: காலையில், நீங்கள் போகும்வரை ஸ்டார்ட் பண்ணக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பானெட் சூடாக இருந்தால் திரும்பிவிடலாம். சூடேறிய பிறகும் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. ஆயில் மூடியைத் திறந்ததும் புகை குபுகுபுவென்று தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்மானம். ரேடியேட்டரில் கூலண்ட் நிறம் இல்லாமல் துருத்தண்ணீர் கிடந்தால் போர்வெல் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். இங்கே அது சகஜம், உள்ளே உப்பு படிந்து லோடில் ஹீட்டாகும். ரேடியேட்டர் மூடியை எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டும் திறங்கள்.

செல்ஃப் மோட்டார் முக்கி முனகிச் சுற்றினால் உடனே பேட்டரி மாற்றச் சொல்வார்கள். மல்டிமீட்டரை பேட்டரி மைனஸுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் வைத்து செல்ஃப் அடியுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பட்டை அரித்திருக்கிறது, சில நூறு ரூபாயில் முடிகிற வேலை.

பேப்பரில் கவனிக்க வேண்டியது: எட்டு வருஷம் தாண்டிய சரக்கு வண்டிக்கு எஃப்சி (தகுதிச் சான்று) வருஷா வருஷம். புதுச்சேரியின் பிஒய் 01 நம்பர் வண்டியைக் கடலூருக்கு மாற்ற என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி, தமிழ்நாட்டு வரியும் கட்ட வேண்டும். புதுச்சேரி விலை மலிவாகத் தெரிந்தால் இந்தச் செலவைச் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.