மின்கார் ஓட்ட அனுபவம்: ரேஞ்சை விடுங்கள், யூனிட்டைப் பாருங்கள்

2020-இல் வந்த டாடாவின் முதல் நெக்ஸான் ஈ.வி. மின்காரின் பேட்டரி 30.2 யூனிட். சான்றிதழில் இருந்த ரேஞ்ச், அதாவது ஒருமுறை முழுக்க ஏற்றினால் ஓடும் தூரம், 312 கி.மீ. வகுத்துப் பாருங்கள், கிலோமீட்டருக்கு 97 வாட்-மணி வருகிறது (ஆயிரம் வாட்-மணி ஒரு யூனிட்). மே மாதத்தில் ஏசி போட்டு, நாலு பேரை ஏற்றிக்கொண்டு விழுப்புரம் தாண்டிய எவருக்கும் அந்த எண் கிடைத்திருக்காது. அந்தச் சோதனை ஆய்வகத்தில் உருளைமேல் வண்டியை ஓட்டி நடப்பது. ஏசி கிடையாது, உச்ச வேகமே 90 கி.மீ. இந்த அளவு வண்டிக்கு நடைமுறையில் வருவது நகரத்தில் 120–140 வாட்-மணி, நாற்சாலையில் 100-இல் போனால் 160–180. டாடா பிற்பாடு சான்றிதழ் எண்ணோடு சி75 என்று இன்னொரு எண்ணையும் வெளியிட ஆரம்பித்தது. நான்கில் மூன்று பேருக்குக் கிடைக்கக்கூடிய ரேஞ்ச் அது. அந்த நேர்மையைப் பாராட்டலாம். ஆனாலும் விளம்பரப் பலகையில் பெரிய எழுத்து எந்த எண்ணுக்கு என்று சொல்லத் தேவையில்லை.

ரேஞ்சைத் தின்பது ஏசி என்று பொதுவாகச் சொல்வார்கள். பாதி சரி. வெயிலில் நின்ற வண்டியைக் குளிர்விக்கும் முதல் பத்து நிமிடம் ஏசி 2–3 கிலோவாட் இழுக்கும், பிறகு ஒன்றை ஒட்டி நிற்கும். நாற்சாலையில் 90-இல் போகும்போது அந்த ஒரு கிலோவாட் கிலோமீட்டருக்கு 11 வாட்-மணிதான். வேளச்சேரி நெரிசலில் 20-இல் ஊர்ந்தால் அதே ஏசிக்கு 50 ஆகிறது. ஆக, ஊருக்குள் செலவு ஏசியால், நெடுஞ்சாலையில் வேகத்தால். 110-ஐ 85 ஆக்கினால் கிடைக்கும் மிச்சம், ஏசியை அணைத்துவிட்டு வியர்த்துக்கொண்டு போனாலும் கிடைக்காது.

திரையில் தெரியும் எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். அது பேட்டரியிலிருந்து வெளியே போனது. சுவரிலிருந்து உள்ளே வந்தது 10–15 சதவீதம் அதிகம். சார்ஜ் ஏறும் நேரமெல்லாம் கூலன்ட் பம்பும் கட்டுப்பாட்டுப் பலகைகளும் விழித்திருக்கும். மெதுவாக ஏற்றினால் அந்த நேரம் நீளும், இழப்பின் பங்கும் கூடும். சார்ஜர் லைனில் தனியாக ஒரு சப்-மீட்டர் மாட்டிவிட்டால் இந்தக் குழப்பமே இல்லை. தமிழ்நாட்டு வீட்டு மீட்டரில் இன்னொரு விஷயமும் உண்டு. மாதம் ஆயிரம் கி.மீ. ஓடினால் இரண்டு மாத பில்லில் 340 யூனிட் கூடும். மொத்தம் 500-ஐத் தாண்டினால் கீழ்ப்படிகளுக்கான கட்டணமும் மாறிவிடும். சிக்கனம் பற்றிய கணக்கை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

புகை பற்றிய கணக்கும் அதே மீட்டரில்தான் இருக்கிறது. மத்திய மின்சார ஆணையத்தின் சமீப ஆண்டுக் கணக்குகளில் இந்திய மின்தொகுப்பின் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.72 கிலோ அளவில் கார்பன் டை ஆக்சைடு. மீட்டரில் கிலோமீட்டருக்கு 170 வாட்-மணி என்றால் 122 கிராம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ, லிட்டருக்கு 14 கொடுக்கும் பெட்ரோல் எஸ்யூவிக்கு 164 கிராம், பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டி 22 கொடுக்கும் ஸ்ட்ராங் ஹைபிரிட்டுக்கு 105. மின்கம்பி இழப்பு ஒரு பக்கம், எண்ணெயைச் சுத்திகரித்து லாரியில் கொண்டுவருவது இன்னொரு பக்கம். இரண்டையும் இதில் சேர்க்கவில்லை. இந்தக் கணக்கில் ஹைபிரிட் முந்துகிறது, மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் ஹைபிரிட் வாங்கிய அன்று இருந்த எண்தான் பதினைந்து வருஷமும். மின்காரின் எண்ணைக் கூரை சோலாரும் காற்றாலையும் கீழே இழுக்கும். பகல் 9 முதல் 4 வரை ஏற்றுவதும் இரவு ஏழு மணிக்குச் செருகுவதும் ஒன்றல்ல.

இதைச் சொல்ல வேண்டிய மோட்டார் பத்திரிகைகள் 0–100 எத்தனை விநாடி, சன்ரூஃப் எவ்வளவு நீளம் என்று அளக்கின்றன. நிறுவனம் கொடுத்த வண்டி இரண்டு நாள் கையில் இருந்தால் அதுதான் அளக்க முடியும். ‘ஜீரோ எமிஷன்’ என்ற ஸ்டிக்கரும் கேள்வியில்லாமல் அச்சேறுகிறது. ஐரோப்பாவில் பிளக்-இன் ஹைபிரிட் (சுவரில் செருகியும் சார்ஜ் ஏற்றக்கூடிய ஹைபிரிட்) அப்படித்தான் கொண்டாடப்பட்டது. வண்டிகளின் உள்ளேயே பதிவாகும் எரிபொருள் அளவை ஐரோப்பிய ஆணையம் 2024-இல் வெளியிட்டபோது, நிஜப் புகை சான்றிதழைவிட 3.5 மடங்கு என்று வந்தது. பலர் பிளக்கையே செருகவில்லை. இங்கே ஒரு நிறுவனம் விற்கும் கார்களின் சராசரிப் புகைக்கு வரம்பு வைக்கும் சி.ஏ.எஃப்.இ. விதியில் ஒரு மின்கார் மூன்று காராக எண்ணப்படுகிறது. சராசரி எடை கூடினால் புகை வரம்பும் தளர்கிறது. பெரிய எஸ்யூவியாக விற்றுத் தள்ளுவதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை என்று யார் சொல்வார்கள்?

இனி வீட்டு வயரிங். பாதிப் புகார்களுக்கு வேர் இங்கேதான். 15 ஆம்பியர் சாக்கெட் கீசருக்கும் வாஷிங் மெஷினுக்கும் செய்தது. எட்டு மணி நேரம் தொடர்ந்து முழு ஆம்பியர் இழுத்தால் உள்ளே ஸ்பிரிங் தளர்ந்து, பிளக்கின் பின் பழுப்பேறும். அரை மணி கழித்து பிளக்கைத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாத சூடென்றால் சாக்கெட்டை மாற்றுங்கள். மீட்டர் பலகையிலிருந்து தனி லைன் வேண்டும்: சாக்கெட்டுக்கு 4 சதுர மி.மீ. செம்பு; 7.2 கிலோவாட் சார்ஜருக்கு 6 சதுர மி.மீ. செம்பும் 40 ஆம்பியர் எம்.சி.பி.யும் (சுமை மீறினால் துண்டிக்கும் சுவிட்ச்); இரண்டுக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் துண்டிப்பது). சர்வீஸ் லோடையும், அதாவது வீட்டு இணைப்புக்கு அனுமதித்த மின்சுமையையும், உயர்த்த வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டி நின்றால் உடனே சர்வீஸ் சென்டருக்கு ஓட வேண்டாம். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டரை வையுங்கள். மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது எர்த் கம்பி புதைத்திருக்கும் குழியான எர்த் பிட். காய்ந்திருந்தால் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றியதுமே சில வீடுகளில் பச்சை வந்துவிடும்.

எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரியின் வோல்டேஜ் 20-இலிருந்து 90 சதவீதம் வரை ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கும். அதனால் மீதியைக் கணிக்கும் பி.எம்.எஸ். (பேட்டரி மேலாண்மை அமைப்பு) மெல்ல மெல்லத் தடம் மாறும். 18 காட்டிய வண்டி சட்டென்று 9-க்கு விழுவது இதனால்தான். வாரம் ஒருமுறை 100 வரை ஏற்றி, அரை மணி செருகியே விட்டுவிட்டால் செல்கள் சமனாகும். என்.எம்.சி. (நிக்கல்-மாங்கனீசு-கோபால்ட்) பேட்டரிக்கு இது பொருந்தாது. தினப்படிக்கு 80 போதும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏற்றம் சுமார் 1,900 மீட்டர். ஆட்களோடு 1,700 கிலோ எடையுள்ள வண்டியை அவ்வளவு உயரம் தூக்கவே ஏறக்குறைய 9 யூனிட் வேண்டும், சாலை ஓட்டச் செலவு தனி. இறங்கும்போது மோட்டாரே பிரேக்காகி மின்சாரம் உண்டாக்கும் (ரீஜென்), அதனால் அதில் ஒரு நல்ல பங்கு திரும்பி வரும், ஆனால் பேட்டரியில் இடம் இருந்தால்தான். ஊட்டி விடுதியில் ராத்திரி முழுக்க ஏற்றி நூறோடு கிளம்பினால் ரீஜென் வேலை செய்யாது. குன்னூர் வளைவுகள் முழுக்க பிரேக் பேடு தலையில் விழும், கருகிய வாசனை வரும். அங்கே 80-இல் பிளக்கை உருவிவிடுங்கள்.