ஜேக்கப்ஸில் அலாய் குழாய் எடுத்த கடை

டர்பன் பக்கம் பாய்லர் வேலை எடுத்துச் செய்பவர்களுக்காக எழுதுகிறேன். சர்க்கரை ஆலை அரைப்பு நிற்கும் ஜனவரி முதல் மார்ச் வரைதான் நமக்குக் கை ஓயாத வேலை. இந்தமுறை, நீராவியை இன்னும் சூடேற்றும் சூப்பர்ஹீட்டரிலிருந்து வரும் நீராவி லைனில் ஒரு துண்டு மாற்ற வேண்டியிருந்தது. 4 அங்குலம், சுவர்த் தடிமன் ஷெட்யூல் 80, பி11 (P11) என்ற குரோமியம் கலந்த அலாய் ஸ்டீல் கிரேடு.

டர்பனின் ஜேக்கப்ஸ் பகுதியில் இருக்கும் இந்த அலாய் குழாய்க் கடையின் ஸ்டோரைப் பார்ப்பவர் சாட்ஸ்வொர்த்காரர், வயதில் பெரியவர். எந்த கிரேடு என்று அவர் கேட்கவில்லை. "தம்பி, உள்ளே என்ன ஓடுது, எத்தனை டிகிரி?" என்றுதான் கேட்டார். நீராவி, 450 என்றேன். "அப்போ பி11 போதும், பி22-க்குக் காசைக் கொட்டாதே" என்றார். பி22 என்பது குரோமியம் இன்னும் கூடுதலாக உள்ள, விலை கூடிய கிரேடு. பெரிய பில் போட வாய்ப்பு இருந்தும் அப்படிச் சொன்னது எனக்குப் பெரிய விஷயம். சாதாரண கார்பன் ஸ்டீல் 425-க்கு மேல் வருடக்கணக்கில் வெந்தால் உள்ளே கிராஃபைட் பிரிந்து பலம் போய்விடும். பி11-இல் இருக்கும் ஒன்றேகால் சதவீத குரோமியமும் அரை சதவீத மாலிப்டினமும் அதைத் தாங்கும். 540 பக்கம் போனால்தான் பி22. பி5 என்ற இன்னொரு கிரேடு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக்காரர்களுக்கு, கந்தகம் கலந்த சூடான எண்ணெய்க்கு.

போன வருடம் வேறொரு கடையில் ஏமாந்தோம். குழாய் மேல் பி11 என்று பெயின்டில் அழகாக எழுதியிருந்தது, இரண்டு ஜாயின்ட் பற்றவைத்தும் முடித்துவிட்டோம், அப்புறம் ஆலை இன்ஸ்பெக்டர், உலோகத்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று காட்டும் எக்ஸ்ரே கன்னை வைத்தால் குரோமியமே காட்டவில்லை. வெட்டி எறிந்தோம். ஒரு வாரம் போனது, தூக்கமும் போனது.

அதனால்தான் இங்கே கண்ட ஒரு காட்சி மனதில் நிற்கிறது. 6 மீட்டர் குழாயில் எனக்கு வேண்டியது 2 மீட்டர்தான். ரம்பம் வைப்பதற்கு முன்னால் பெரியவர் சர்டிஃபிகேட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதிலிருந்த ஹீட் நம்பரை (எந்த உருக்குத் தொகுதியில் வார்த்தது என்று சொல்லும் எண்) குழாயில் இருந்ததோடு ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்த்து, கடையில் தங்கப்போகிற மீதித் துண்டிலும் அதே நம்பரை எழுதிவிட்டுத்தான் வெட்டச் சொன்னார். வெட்டிய பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விடும் இடத்தில்தான் துண்டுகள் மாறுகின்றன. நான் கேட்காமலே என் கண் முன்னால் கன் வைத்தும் காட்டினார்.

குறை இல்லாமல் இல்லை. எல்போ (வளைவுத் துண்டு), ரெட்யூசர் (அளவு குறைக்கும் துண்டு) எல்லாம் பி11-க்கு ஏற்றது கையிருப்பில் கிடையாது, இரண்டு வாரம் காத்திருக்கச் சொன்னார்கள். வெட்டுக்கூலி தனி. பற்றவைக்கும் கம்பியும் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும், பி11-க்கு B2 வகைக் கம்பி, மறக்காதீர்கள், 150 டிகிரிக்குச் சூடாக்காமல் ஆர்க் போடவும் கூடாது.

போவதற்கு முன் போன் செய்து பெரியவர் இருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கவுன்டரில் இருக்கும் பையன்கள் மரியாதையானவர்கள்தான், ஆனால் நம்பர் எழுதும் பழக்கம் அவர்களுக்கு இன்னும் வரவில்லை. அவர் இல்லாத நாள் என்றால் குழாயை முழு நீளமாகவே ஏற்றி வந்து நம் பட்டறையில் வெட்டிக்கொள்வேன்.