சேலத்தில் தொழிலுக்கு ஏற்றது எது: பைபர் பிராட்பேண்டா, லீஸ்டு லைனா?

செவ்வாய்ப்பேட்டை மொத்த வணிகர் முதல் ஐந்து ரோடு அலுவலகங்கள் வரை பலரும் கேட்கும் கேள்வி இது. லீஸ்டு லைன் என்பது ஒரு நிறுவனத்துக்கென்றே தனியாக ஒதுக்கப்படும் இணைய இணைப்பு.

வேகம்: பிராட்பேண்ட் பெரும்பாலும் ஜிபான் (GPON) என்ற, ஒரு கண்ணாடி இழையைப் பலருக்குப் பிரித்துத் தரும் முறையில் வருகிறது, ஒரே இழையின் நொடிக்கு 2.5 ஜிகாபிட் பதிவிறக்க வேகத்தையும் 1.25 ஜிகாபிட் பதிவேற்ற வேகத்தையும் 32 அல்லது 64 இணைப்புகள்கூடப் பகிர்ந்துகொள்வதால், நெரிசல் நேரத்தில் வேகம் குறையக்கூடும். லீஸ்டு லைனில் ஒப்பந்த வேகம் இரு திசையிலும் உங்களுக்கே உரியது.

செலவு: பிராட்பேண்ட் மலிவு, மற்றது பல மடங்கு.

பழுது: பிராட்பேண்டில் புகார் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். லீஸ்டு லைனுக்குச் சேவை உறுதி ஒப்பந்தம் உண்டு; ஆனால் 99.5 விழுக்காடு நேரம் இணைப்பு இயங்கும் என்ற உறுதியும் 30 நாள் மாதத்தில் 3.6 மணி நேர முடக்கத்தை அனுமதிக்கிறது என்பதை விற்க வருபவர் தாமாகச் சொல்வது அரிது. சாலை தோண்டும்போது கேபிள் அறுந்தால் இரண்டும் ஒன்றுதான். ஆகவே, குறிப்பாக ஏற்காட்டு விடுதிகள், எதை வாங்கினாலும் வேறு வழியில் வரும் துணை இணைப்பை வைத்துக்கொள்வது நல்லது.

பில் போடுவதும் யுபிஐ வரவு பார்ப்பதும் மட்டுமே வேலையாக உள்ள கொலுசுப் பட்டறைக்குப் பிராட்பேண்டே போதும். ஸ்கேன் படங்களை வெளியூர் மருத்துவருக்கு ஓயாமல் அனுப்பும் மையத்துக்கும், சொந்த சர்வர் நடத்தும் நிறுவனத்துக்கும் லீஸ்டு லைனே தகும்.