பூனைக்குட்டியின் ராத்திரி ரகளை: கதவைச் சாத்துவதா, ஆடவிட்டுத் தூங்கவைப்பதா?

குன்னூர் மாதிரி ஊரில் பூனைக்குட்டி வளர்ப்பவர்களுக்கு ராத்திரித் தொல்லை கொஞ்சம் கூடுதல்தான். மழையும் மூடுபனியுமாக இருக்கும் நாளில் குட்டி பகல் முழுக்கக் கம்பளிக்குள் சுருண்டு கிடக்கும். ஆறு மணிக்கே ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு ஹீட்டர் பக்கம் உட்கார்ந்தால், மடியில் ஏறி இன்னொரு தூக்கம் போடும். பத்து மணிக்கு நமக்குக் கண் சொருகும்போது அதற்குப் பொழுது விடியும். மரத்தரையில் தடதடவென்று ஓட்டம், திரைச்சீலையில் ஏற்றம். கம்பளிக்குள் கால் விரல் அசைந்தால் போதும், பாய்ந்து ஒரு கடி.

"ராத்திரி வெளிய விட்று கண்ணு, அது பாட்டுக்கு எலி புடிச்சுட்டு வந்துரும்" என்பது கோயமுத்தூரில் இருக்கும் சித்தியின் யோசனை. தேயிலைத் தோட்டத்தை ஒட்டிக் குடியிருப்பவர்கள் அதை நினைத்தே பார்க்க முடியாது. நாயையே தூக்கிக்கொண்டு போகும் சிறுத்தைக்குக் குட்டிப் பூனை எம்மாத்திரம்?

துணைக்கு இன்னொரு குட்டி வாங்குவது அடுத்த வழி. நான் வளர்ப்பது ஒன்றைத்தான் என்பதால் அடித்துச் சொல்ல மாட்டேன். ஜோடியாக வளர்க்கும் பக்கத்து வீட்டு அக்கா, நம் காலைக் கடிப்பது குறைகிறது, ஓடுகிற சத்தம் இரட்டிப்பாகிறது என்கிறார். தடுப்பூசி, கருத்தடைச் செலவும் இரண்டு மடங்கு.

மிச்சமிருப்பவை இரண்டு. குட்டியைச் சமையலறையிலோ ஹாலிலோ விட்டுக் கதவைச் சாத்தினால் இன்றைக்கே நமக்குத் தூக்கம் கிடைக்கும். ஆனால் குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம், ஊட்டி 2,240. மார்கழி, தை ராத்திரியில் அடுப்பு அணைந்த சமையலறை எப்படிச் சில்லிடும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். குட்டியின் சின்ன உடம்பு சீக்கிரம் சூடு இழந்துவிடும். கதவுக்கு அந்தப் பக்கம் அது கத்துவது குளிரிலா, விளையாட்டுக்கா என்று நமக்குப் புரியாது. மனசு கேட்காமல் ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால், அவ்வளவு நேரம் கத்தினால் கதவு திறக்கும் என்று அது கற்றுக்கொள்ளும். சாத்தத்தான் வேண்டும் என்றால், கம்பளி போட்ட அட்டைப்பெட்டி, துணி சுற்றிய வெந்நீர்ப் பை, தண்ணீர், மணல் தட்டு எல்லாம் உள்ளே இருக்கட்டும்.

நான் பிடித்துக்கொண்டது மற்ற வழி: ஆட்டம், சாப்பாடு, தூக்கம், இதே வரிசையில். பூனை இயல்பிலேயே அந்தியிலும் விடியலிலும் துள்ளுகிற பிராணி. வேட்டையாடும், தின்னும், உடம்பை நக்கிச் சுத்தம் செய்யும், தூங்கும். அந்தச் சுற்றை நம் படுக்கை நேரத்தோடு முடியும்படி நகர்த்துகிறோம், அவ்வளவுதான்.

இதில் எல்லாமே அந்த மாலைத் தூக்கத்தில்தான் இருக்கிறது. ஏழு மணிக்கு மேல் மடியில் தூங்கவிட்டால் ராத்திரி என்ன செய்தாலும் எடுபடாது. குளிருக்கு அந்தச் சூடு நமக்கும் சுகம்தான், இறக்கிவிட மனசு வராது. ஆனாலும் இறக்கிவிட வேண்டும். இடையிடையே ஒரு காகிதப் பந்தை உருட்டிவிட்டாலே எழுந்துவிடும்.

படுப்பதற்கு அரை மணி நேரம் முன்னால் இறகு கட்டிய குச்சியை எடுங்கள். முகத்துக்கு நேரே ஆட்டாதீர்கள். எந்த இரையும் பூனையைத் தேடி வராது. நாற்காலிக் காலுக்குப் பின்னால் இழுங்கள், செய்தித்தாளுக்கு அடியில் சரசரக்க விடுங்கள். குட்டி தரையோடு பதுங்கி, பின்பக்கத்தை இடமும் வலமும் அசைத்து, ஒரே தாவல் தாவும். அவ்வப்போது பிடிக்க விடுங்கள். பிடிபடாத இரை அதற்குச் சலிப்புத்தான். கால் மணி நேரத்தில் வேகத்தைக் குறைத்து, கடைசியாக ஒரு முறை பிடித்ததும் சாப்பாட்டுத் தட்டை வையுங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் உடனே ஆட்டத்தை நிறுத்திவிடுங்கள்.

சாப்பாட்டைக் கூட்ட வேண்டாம். ஆறு மாதத்துக்குள் இருக்கும் குட்டிக்கு எப்படியும் மூன்று நான்கு வேளை கொடுக்கிறோம், அதில் பெரிய பங்கைக் கடைசி வேளைக்கு மாற்றினால் போதும். தின்றதும் பாதத்தை நக்கி முகம் துடைக்கும், கம்பளியை மிதித்து ஒரு சுற்றுச் சுற்றி விழும்.

குச்சியை அப்போதே அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். ஸ்வெட்டர் பின்னுகிற வீடாக இருந்தால் கம்பளி நூலையும் சேர்த்து. விழுங்கிய நூல் குடலைச் சுருட்டி இழுத்துவிடும், அறுவைச் சிகிச்சை வரை போகும்.

இதற்கும் குறை உண்டு. தினமும் களைப்போடு களைப்பாக ஆடவைக்க வேண்டும். விடியற்காலை ஆட்டம் முழுசாக நிற்காது, ஐந்து மணிக்குக் காதைக் கடிக்கும். கடித்ததும் எழுந்து சாப்பாடு வைத்தால் மறுநாள் நாலரைக்கே வந்து நிற்கும். எழுந்து பல் துலக்கி, காபி போட்ட பிறகு வையுங்கள்.

கைக்குழந்தை இருக்கும் வீட்டில், பூனை முடியால் இழுப்பு வருகிறவர்கள் இருக்கும் வீட்டில், கதவைச் சாத்தத்தான் வேண்டும். அங்கேயும் ஆட்டமும் சாப்பாடும் முடிந்து, குட்டி பெட்டிக்குள் படுத்த பிறகு சாத்துங்கள்.